மேட்டை எடுத்த இடத்தில் கடல் நுழைந்தது

சுங்கை சிப்புட் மாணவர்களுக்குக் கடல் பக்கத்தில் இல்லை. கடலைப் பார்க்க வேண்டும் என்றால் லுமுட் வரை போக வேண்டும். அல்லது கோலா கங்சார், தைப்பிங் தாண்டி மேற்கே இறங்க வேண்டும். ஆனால் மணல் உங்களுக்குப் புதிதல்ல. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த காலத்தில், மண்ணைக் கழுவி ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மணலை அங்கேயே கொட்டிவிட்டுப் போனார்கள். பழைய ஈயக் குட்டைகளின் ஓரத்தில் அந்த வெள்ளை மணல் இன்றும் கிடக்கிறது. சில நாள் மழை இல்லாமல் காய்ந்து, பிறகு காற்று அடித்தால், அதன் மேல் வரிவரியாகக் கோடுகள் விழும்.

கடற்கரையில் இதே வேலையைக் காற்று பெரிய அளவில் செய்கிறது. அங்கே எழுவது கோடு அன்று. வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு மேடு. அதைத்தான் கடலோர மணல்மேடு என்கிறோம்.

‘மணல்தானே, சும்மா குவிந்து கிடக்கிறது’ என்று நினைக்கத் தோன்றும். இலங்கையில் ஒரு தேசியப் பூங்காவின் ஓரத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். அதன் விலை 2004 டிசம்பர் 26 அன்று காலையில் தெரிந்தது. அந்தப் பூங்காவுக்குப் போய், மணல்மேடு என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிட்டு வருவோம்.

யாலா தேசியப் பூங்கா

இலங்கையின் தென்கிழக்குக் கரையில் இருக்கிறது யாலா. 1938இல் தேசியப் பூங்கா ஆனது. சிறுத்தைக்கும் யானைக்கும் பெயர் பெற்ற காடு. கதிர்காமம் முருகன் கோவிலைப் பற்றி வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது இந்தக் காட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கிழக்குக் கரையில் உள்ள உகந்தையிலிருந்து பாத யாத்திரை புறப்படும் பக்தர்கள் குமணை, யாலா காடுகளைக் கடந்துதான் கதிர்காமம் போய்ச் சேர்கிறார்கள்.

பூங்காவுக்குள் ஜீப்பில்தான் போக முடியும். கண்ட இடத்தில் இறங்க அனுமதி இல்லை. இறங்க விடும் சில இடங்களில் பட்டனங்கல என்ற கடற்கரை ஒன்று. ஒரு பக்கம் முட்புதர்க் காடு, மறு பக்கம் இந்தியப் பெருங்கடல். யாலாவின் கரை நெடுக, காட்டுக்கும் கடலுக்கும் நடுவே மதில் போல மணல்மேடுகள் நிற்கின்றன. அவற்றின் பின்னால் ஆங்காங்கே உப்பங்கழிகள்.

இத்தனை மணல் எங்கிருந்து வந்தது?

மலையிலிருந்து கரைக்கு

உங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் சுங்கை பிளஸ் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது தித்திவங்சா மலைத்தொடரில் பிறந்து பேராக் ஆற்றில் சேர்கிறது. மலையில் உள்ள கருங்கல், வெயிலிலும் மழையிலும் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்து உதிர்கிறது. அதில் உள்ள மென்மையான கனிமங்கள் சிதைந்து களிமண் ஆகின்றன. குவார்ட்ஸ் என்னும் கடினமான கனிமம் மட்டும் எளிதில் சிதையாது. அது சிறு மணிகளாகப் பிரிந்து ஆற்றோடு உருண்டு வருகிறது. நாம் மணல் என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தக் குவார்ட்ஸ்தான்.

யாலாவிலும் இதே கதைதான். அங்கே ஆற்றின் பெயர் மாணிக்க கங்கை. கதிர்காமத்தில் பக்தர்கள் நீராடுகிற அதே ஆறு, யாலா காட்டுக்குள் புகுந்து கடலில் விழுகிறது. இப்படிப் பல ஆறுகள் கொண்டுவந்து போடும் மணலைக் கடல் அலைகள் கரையோரமாக நகர்த்திப் பரப்புகின்றன. அலையின் வேலை அத்தோடு முடிகிறது. அடுத்து வருவது காற்று.

குதிக்கிற மணல்

கடற்கரையில் நல்ல காற்று வீசும்போது கால்சட்டையை மடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? முழங்காலுக்குக் கீழே ஊசி குத்துவது போல இருக்கும். முகத்தில் அப்படிக் குத்தாது. காரணம், மணல் காற்றில் தூசியைப் போல மிதந்து போவதில்லை. அது குதித்துக் குதித்துப் போகிறது.

காற்று ஒரு மணலைத் தூக்குகிறது. அது சிறிது தூரம் பறந்து, வளைந்து, கீழே விழுகிறது. விழும் வேகத்தில் அங்கே கிடக்கும் மற்ற மணல்களை மோதிக் கிளப்பிவிடுகிறது. அவையும் குதிக்கின்றன. சற்றுப் பெரிய மணல்கள் குதிக்க முடியாமல், மோதப்பட்டு மெல்ல உருளுகின்றன. காய்ந்த மணல் இப்படிக் கிளம்புவதற்குக் காற்றின் வேகம் ஏறத்தாழ மணிக்கு 20 கிலோமீட்டர் இருந்தால் போதும். மணல் ஈரமாக இருந்தால் கதை வேறு. நீர் மணிகளை ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மணல் வீடு கட்ட ஈர மணலைத் தேடுகிறோமே, அதே காரணம்தான்.

இந்தக் குதியாட்டத்தை முதலில் ஒழுங்காக அளந்தவர் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர். 1930களில் லிபியப் பாலைவனத்தில் சுற்றித் திரிந்தார். பிறகு ஆய்வகத்தில் ஒரு நீளக் குழாய்க்குள் மணலைப் பரப்பி, காற்றைச் செலுத்திப் பார்த்தார். 1941இல் அதைப் புத்தகமாக எழுதினார். அவர் கண்டதில் முக்கியமானது இது: காற்றின் வேகம் கூடினால், நகரும் மணலின் அளவு ஏறத்தாழ அதன் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் 2 மடங்கானால், மணல் 2 × 2 × 2, அதாவது 8 மடங்கு. அதனால்தான் ஆண்டு முழுவதும் வீசும் மெல்லிய காற்றை விடச் சில வாரங்கள் வீசும் பலத்த பருவக்காற்று அதிக மேடு கட்டுகிறது.

மேட்டின் உருவத்தையும் கவனியுங்கள். காற்று வரும் பக்கம் சரிவு மெதுவாக ஏறும். மறு பக்கம் செங்குத்தாக இறங்கும். ஆனால் எவ்வளவு செங்குத்தானாலும் காய்ந்த மணல் ஏறத்தாழ 34 பாகைக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். இது மேட்டுக்கு மட்டும் உள்ள விதி அன்று. கட்டட வேலை நடக்கும் இடத்தில் லாரி கொட்டிய காய்ந்த மணல் குவியலுக்கும் இதே விதிதான்.

அடம்பன் கொடி கட்டும் மதில்

காற்றுக்கு மணலை நகர்த்தத் தெரியும். நிறுத்தி வைக்கத் தெரியாது. நிறுத்துவது செடிகள்.

கரையில் ஒரு மரக்கட்டையோ பாசிக் குவியலோ கிடந்தால், அதன் பின்னால் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்ததும் மணல் கீழே விழும். அங்கே ஒரு செடி முளைத்தால், அது இன்னும் கொஞ்சம் மணலைப் பிடிக்கும். சாதாரணச் செடி என்றால் மணலில் மூழ்கிச் செத்துப்போகும். கடற்கரைச் செடிகள் அப்படி இல்லை. மணல் மூட மூட மேலே வளரும். செடி வளர, மணல் சேர, மறுபடி செடி வளர, இப்படியே முழங்கால் உயர மேடு ஆள் உயரமாகி, வீட்டு உயரமும் ஆகிறது.

இதில் முதல் ஆள் அடம்பன் கொடி. ஊதா நிறத்தில் புனல் போன்ற பூ. ஆட்டுக் குளம்பு போல நடுவில் பிளந்த இலை. மலாய்க்காரர்கள் இதைத் ‘தாப்பாக் கூடா’, அதாவது குதிரைக் குளம்பு, என்கிறார்கள். நம் நாட்டுக் கடற்கரைகளிலும் பார்க்கலாம். கொடி தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். ஒரு கொடியைப் பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். பல கொடிகள் பின்னிப் படர்ந்தால் கரையையே பிடித்து நிறுத்தும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்ற பழமொழி பிறந்தது இதைப் பார்த்துத்தான்.

அடுத்தது இராவணன் மீசை. முறுக்கிய மீசை போல விறைப்பான, கூரான இலைகளைக் கொண்ட புல். இதன் பெண் பூங்கொத்து, முட்கள் நிறைந்த பந்து போல இருக்கும். முதிர்ந்ததும் காம்பிலிருந்து கழன்று, காற்றில் கடற்கரை முழுவதும் சக்கரமாக உருண்டு ஓடும். ஓடும் வழியில் விதை உதிரும். மணலில் சிக்கி நிற்கும் இடத்தில் புதிய புல் முளைக்கும்.

இந்தச் செடிகள் மேட்டை நிறுத்திய பிறகு, பின்பக்கத்தில் தாழையும் புதர்களும் மரங்களும் வருகின்றன. கடலிலிருந்து காட்டை நோக்கி நடந்தால், கொடி, புல், புதர், மரம் என்று நாலு வகை உலகத்தைப் பார்த்துவிடலாம்.

செடி இல்லாவிட்டால் என்ன ஆகும்? மேடு நடக்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் வடமராட்சிக் கரையில் மணற்காடு என்றே ஓர் ஊர் உண்டு. அங்கே பழைய தேவாலயம் ஒன்றின் இடிந்த சுவர்கள் மணலில் புதைந்து கிடக்கின்றன. நகரும் மணலைத் தடுக்கச் சவுக்கு மரங்களை நட்டார்கள். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் ‘தேரி’ என்று அழைக்கப்படும் செம்மணல் மேடுகள் இருக்கின்றன. அவையும் ஒரு காலத்தில் காற்று குவித்தவைதான்.

அன்று காலை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. மலேசிய நேரப்படி காலை 8.58 மணிக்குச் சுமத்ராவின் கரைக்கு அப்பால் கடலுக்கு அடியில் 9.1 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இலங்கையை எட்டியது. அந்நாட்டில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் நாட்டில் இறந்த 68 பேரில் பெரும்பாலோர் பினாங்கைச் சேர்ந்தவர்கள். நீங்கள் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள். அந்த நாளை மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள்.

யாலாவிலும் அலை பலரின் உயிரைக் கொண்டுபோனது. பட்டனங்கல கரையில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

2005 ஜனவரியில் பன்னாட்டு ஆய்வுக் குழு ஒன்று இலங்கைக் கரையைச் சுற்றி வந்தது. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது, எவ்வளவு தூரம் உள்ளே போனது என்று இடம் இடமாக அளந்தது. அக்குழு கண்டவை அதே ஆண்டு ‘சயன்ஸ்’ என்ற அறிவியல் இதழில் வெளிவந்தன. யாலாவைப் பற்றி அதில் ஒரு முக்கியமான செய்தி இருந்தது.

கரையோரம் இருந்த ஒரு தங்கும் விடுதியின் முன்னால் மணல்மேடு நின்றது. விருந்தினர்களுக்குக் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று, அந்த மேட்டின் ஒரு பகுதியை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். அலை வந்தபோது, பக்கத்தில் தொடாமல் விட்ட மேடுகள் தண்ணீரின் தாக்குதலைக் குறைத்தன. விடுதி இருந்த இடத்தில் மட்டும் தண்ணீர் மிக உயரமாக ஏறியது. கட்டடம் முழுவதும் அழிந்தது.

ஒரே அலை, ஒரே கரை. நடுவில் இருந்த வேறுபாடு மேடு ஒன்றுதான். யாலா கரையின் மற்ற இடங்களிலும் ஆற்று முகத்துவாரம், உப்பங்கழி வாய், மேடு தாழ்ந்த இடைவெளி ஆகியவற்றின் வழியாகத்தான் தண்ணீர் அதிகம் உள்ளே புகுந்தது.

இதைக் கேட்டு, மணல்மேடு இருந்தால் எந்த ஆழிப்பேரலைக்கும் பயப்பட வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அலை மேட்டை விட உயரமாக இருந்தால் தாண்டி வரும். எச்சரிக்கை கேட்டால் உடனே உயரமான இடத்துக்கு ஓடத்தான் வேண்டும். ஆனால் மேடு இருக்கிற கரைக்கும் இல்லாத கரைக்கும் உள்ள வித்தியாசம் சிறியதன்று என்பதை யாலா காட்டிவிட்டது.

புயலுக்கு மணல், கிணற்றுக்கு நீர்

ஆழிப்பேரலை எப்போதாவது வருவது. புயல் அலை ஆண்டுதோறும் வருவது. அதற்கும் மேடு உதவுகிறது.

புயல் அலைகள் மேட்டின் அடியை அரிக்கும்போது, மணல் கடலுக்குள் இழுக்கப்படுகிறது. அது கரைக்குச் சற்றுத் தள்ளித் தண்ணீருக்கு அடியில் ஒரு திட்டாகப் படிகிறது. அடுத்து வரும் அலைகள் அந்தத் திட்டில் தடுக்கி, கரைக்கு வருமுன்பே உடைகின்றன. கடல் அமைதியானதும் சிறு அலைகள் அந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றன. காற்று அதை மறுபடி மேட்டில் சேர்க்கிறது. ஆகவே மேடு என்பது கரை போட்டு வைத்த சேமிப்பு. வேண்டும்போது எடுக்கிறது, பிறகு திருப்பிப் போடுகிறது. நாம் அந்த மணலை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அடுத்த புயலுக்குக் கரையிடம் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

கடலுக்கு அருகில் இருந்தும் மேட்டின் பின்னால் உள்ள கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதைப் பார்த்து வியந்திருக்கிறீர்களா? மேட்டில் விழும் மழை வழிந்து ஓடாமல் நேரே மணலுக்குள் இறங்குகிறது. நன்னீர் உப்பு நீரை விடச் சற்று இலேசானது. அதனால் நிலத்துக்கு அடியில் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்க முடியும் என்பது கணக்கு. மேட்டை எடுத்தால் மேலே உள்ள நீர்மட்டம் இறங்கும். கீழிருந்து உப்பு ஏறும்.

நம் நாட்டில் எங்கே?

பேராக்கின் கரையில் யாலாவைப் போன்ற நீண்ட மணல் மதிலைக் காண முடியாது. மலாக்கா நீரிணை ஒடுக்கமானது. சுமத்ரா தீவு மறைத்துக்கொண்டிருப்பதால் பெரிய அலை குறைவு. ஆறுகள் கொண்டுவரும் சேறு கரையிலேயே படிந்துவிடுகிறது. சேற்றில் வளர்வது சதுப்புநிலக் காடு. பள்ளிச் சுற்றுலாவில் கோலா செப்பெத்தாங் போனவர்கள் மாத்தாங் காட்டைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் காடு, மணல்மேடு செய்யும் காவல் வேலையை வேறு விதத்தில் செய்கிறது.

கிழக்குக் கரை வேறு மாதிரி. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து அலைகளை நேராகக் கொண்டுவந்து மோதுகிறது. அதனால் கிளந்தான், திரெங்கானு, பகாங் கரைகளில் நீள நீளமான மணல் திட்டுகள் வரிசையாகக் கிடக்கின்றன. திட்டுகளுக்கு நடுவே தாழ்வான ஈர நிலம். புவியியல் பாடத்தில் ‘பிரிஸ் மண்’ என்று படிக்கிறீர்களே, அது இந்த மணல்தான். திரெங்கானுவில் செத்தியு பக்கம் போனால் நேரில் பார்க்கலாம்.

மலாயில் இந்தத் திட்டுக்குப் ‘பெர்மாத்தாங்’ என்று பெயர். அந்தச் சொல்லை எங்கோ கேட்டது போல இருக்கிறதா? பினாங்கில் பெர்மாத்தாங் பாவ் இருக்கிறது. செபெராங் பிறையில் இன்னும் பல பெர்மாத்தாங்குகள் இருக்கின்றன. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்று இருப்பதை விடச் சில மீட்டர் உயர்ந்திருந்தது. பிறகு கடல் பின்வாங்கியபோது, பழைய கரையின் மணல் திட்டுகள் உள்நாட்டில் தங்கிவிட்டன. மேடான காய்ந்த தரை என்பதால் மக்கள் அவற்றின் மேல் வீடு கட்டினார்கள். பள்ளத்தில் நெல் பயிரிட்டார்கள். ஊர்ப் பெயரில் ஒரு பழைய கடற்கரை ஒளிந்திருக்கிறது.

செய்து பாருங்கள்

தேவையானவை: 2 அகலத் தட்டுகள், காய்ந்த மெல்லிய மணல், பல் குச்சிகள், முடி உலர்த்தி, பாகைமானி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. மணலுக்காக ஈயக் குட்டைப் பக்கம் தனியே போகாதீர்கள். அங்கே கரை சரியும், நீர் ஆழம்.

1. காய்ந்த மணலை ஒரே இடத்தில் மெதுவாகக் கொட்டுங்கள். குவியலின் சரிவைப் பாகைமானியால் அளந்து பாருங்கள். 34 பாகைக்கு எவ்வளவு அருகில் வருகிறது?

2. இரண்டு தட்டுகளிலும் மணலைப் பரப்புங்கள். ஒன்றில் மட்டும் பல் குச்சிகளை நெருக்கமாக நடுங்கள். இரண்டின் மேலும் ஒரே தூரத்திலிருந்து, ஒரே நேர அளவுக்குக் காற்றடியுங்கள். எந்தத் தட்டில் மணல் தங்குகிறது?

3. முடி உலர்த்தியைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு தட்டில் ஈர மணலால் குறுக்கே மதில் கட்டுங்கள். மதிலின் பின்னால் தீப்பெட்டிகளை வீடுகளாக வரிசையாக வையுங்கள். மதிலில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளி வெட்டுங்கள். மறு பக்கத்தில் தண்ணீர் ஊற்றி, ஓர் அட்டையால் வேகமாகத் தள்ளுங்கள். எந்தத் தீப்பெட்டி முதலில் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மேட்டுக்குப் போகும்போது

பள்ளி விடுமுறையில் கிழக்குக் கரைக்கோ, குடும்பத்தோடு இலங்கைக்கோ போக வாய்ப்புக் கிடைத்தால், மணல்மேட்டைக் கட்டாயம் பாருங்கள். காலையிலேயே போனால், இரவு நடந்துபோன நண்டு, பல்லி, பறவை ஆகியவற்றின் தடங்கள் மணலில் கலையாமல் இருக்கும்.

ஆனால் மேட்டின் மேல் ஏறிச் சறுக்கி விளையாட வேண்டாம். அடம்பன் கொடி புயலைத் தாங்கும். திரும்பத் திரும்ப மிதிக்கும் காலைத் தாங்காது. பலர் ஒரே வழியில் ஏறி இறங்கினால் செடி செத்து, வெறும் மணல் தெரியும். காற்று அந்த இடத்தைக் குடைந்து பள்ளமாக்கும். பள்ளம் ஆழமானால் அதுவே கடலுக்கு ஒரு வாசல். யாலாவில் மனிதர் வேண்டுமென்றே மேட்டை எடுத்தார்கள்; இங்கே கால்கள் அதையே மெதுவாகச் செய்துவிடும். பலகைப் பாதை இருந்தால் அதில் நடங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே இருக்கிற வழியிலேயே போங்கள். பூவையோ முட்பந்தையோ பறிக்காதீர்கள். அந்த முட்பந்துக்கு இன்னும் உருள வேண்டிய தூரம் இருக்கிறது.

மேட்டின் மறுபக்கம் நின்றால் கடல் தெரியாது. அலைச் சத்தம் மட்டும் கேட்கும். மறைக்கிறதே என்று அப்போது தோன்றினால், யாலாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.